சேவலின் கொண்டை சொல்லும் செய்தி

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதலில் பார்ப்பது சேவலின் கொண்டையைத்தான். கொண்டை வெளிறியிருந்தால் பாட்டியின் முகமும் வாடிவிடும். பள்ளிக்கூடம் போகாத அவருடைய இந்த வழக்கத்தில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது.

சில வாரக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று சொல்வது கடினம். பிறகு விடலைச் சேவலின் கொண்டை சிவந்து பெருக்கிறது. தாடி தொங்குகிறது. கரகரத்த குரலில் கூவிப் பார்க்கிறது. உடன்பிறந்தவற்றோடு சண்டைக்கும் நிற்கிறது. இத்தனையும் ஒருசேர நிகழக் காரணம் என்ன?

1849-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்ட்டோல்டு என்பவர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு இதற்கு விடை கண்டார். இரண்டின் விரைகளை முற்றிலும் நீக்கினார். அவற்றின் கொண்டை வளரவில்லை. அவை சண்டையிடவும் இல்லை. மற்ற நான்கிலும் ஒரு விரையை மட்டும் வயிற்றினுள் இடம் மாற்றி வைத்தார். சிலவற்றில் அதன் சொந்த விரை, சிலவற்றில் வேறு சேவலுடையது. இந்த நான்கும் முழுச் சேவல்களாகவே வளர்ந்து, கம்பீரமாகக் கூவின! அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரைக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வந்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு இல்லை. ஆகவே விரையிலிருந்து கொண்டைக்குச் செய்தி செல்லும் வழி நரம்பு அன்று, இரத்தமே என்பது தெளிவாயிற்று. 'ஹார்மோன்' என்ற சொல் பிறந்ததே 1905-இல்தான். இங்கே வேலை செய்யும் டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன் சிகாகோ விஞ்ஞானிகள் விரைச் சாற்றின் வீரியத்தை எதைக் கொண்டு அளந்தார்கள், தெரியுமா? விரை நீக்கிய சேவலுக்கு அதை ஊசி மூலம் செலுத்தி, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளவுகோலால் அளந்தார்கள்!

கூவலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், பகல் இரவு தெரியாத மங்கிய ஒளியில் சேவல்களை வைத்துப் பார்த்தனர். அப்போதும் அவை ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை, விடியும் வேளையை உணர்ந்து கூவின. உடலுக்குள் இருக்கும் கடிகாரமே இதற்குக் காரணம் என்று 2013-இல் வெளியிட்டனர். கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை பதவி வரிசைப்படி பின்தொடர்கின்றன என்பதை 2015-இல் காட்டினர். எனவே வழக்கமாக முந்திக் கூவும் சேவல் ஒரு நாள் வாய் திறக்காவிட்டால் அதைச் சற்று உற்றுப் பாருங்கள். சண்டையில் தோற்றிருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

பெட்டைக் கோழிகளும் கொண்டையைப் 'படிக்கின்றன'. அமெரிக்காவில் மார்லின் சுக் என்ற பெண் விஞ்ஞானி, காட்டுக்கோழிக் குஞ்சுகள் சிலவற்றுக்கு உருண்டைப் புழுவைத் தொற்றச் செய்தார். அவை வளர்ந்தபோது கொண்டை குட்டையாகவும் மங்கலாகவும் இருந்தது; பெட்டைகள் பெரும்பாலும் புழுவற்ற சேவல்களையே நாடின.

கொண்டையில் சிறகில்லை, மெல்லிய தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. அதனால் இரத்தத்தின் நிலை வெளியே தெரிந்துவிடுகிறது. வெளிறினால் இரத்தக் குறைவு. வயிற்றுப் புழுவோ, உடம்பில் செள்ளோ காரணமாகலாம். நீலம் பாய்ந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை. பொருக்குக் கட்டிய கொப்புளங்கள் இருந்தால் பெரும்பாலும் அம்மை. இதைக் கொசுவும் பரப்பும்.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரின் பெயரால் 'ராணிக்கெட் நோய்' என்றும் சொல்வர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், வாய் பிளந்து மூச்சு விடுதல், இறக்கை தொங்குதல், கழுத்து திருகுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரு மாசி மாதம் பாட்டியின் சேவல் கூவாமல் மூலையில் குந்தியிருந்தது. "வெயில் அசதி" என்று அவர் இரண்டு நாள் விட்டுவிட்டார். பதினோரு கோழிகளில் மிஞ்சியவை இரண்டே.

இது வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. வாடிய பறவையை உடனே தனியே அடைத்து, கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். செத்ததைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையருகே ஊசியும் போடுவது வழக்கம். இந்தத் தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸால் ஆனது. வெயில் பட்டால் வீணாகிவிடும். ஆகவே மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வந்து, கலக்கியதும் தாமதமின்றிப் போட்டுவிட வேண்டும்.