அயிலை மீனுக்கு மலிவான செயற்கை இரை

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அங்குள்ள சந்தைகளுக்கு வரும் அயிலையை, அதாவது கானாங்கெளுத்தியைக் கொண்டே, செயற்கை இரை பற்றிய பாடத்தை ஆசிரியர் நடத்தலாம்.

செவுள் மூடியைத் தூக்கினால், இறகுபோல் நெருங்கிய நீண்ட செவுள் முட்கள் தென்படும். நீரை வடிகட்டி மிதவை உயிர்களை உண்பதற்கான அமைப்பு இது. வளர்ந்த அயிலை இறால் குஞ்சுகளையும் மீன் குஞ்சுகளையும் உண்ணும். ஆதலின் அதற்கேற்ற இரை சிறியதாகவும் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும்.

சிறிய தூண்டிலின் காம்பில் வெண்ணிறக் கோழியிறகின் சில இழைகளையோ, காலிப் பொட்டலத்தின் வெள்ளித்தாள் கீற்றையோ நூலால் இறுகக் கட்டுக. அது வளைவைச் சற்றே தாண்டினால் போதும். நீண்டால் மீன் நுனியை மட்டும் கவ்வித் தப்பிவிடும். இவ்வாறு ஐந்தாறு தூண்டில்களை ஒரே தங்கூசியில் குட்டைக் கிளைகளாக முடிந்து, அடியில் பழைய இரும்பு நட்டினைப் பளுவாகத் தொங்கவிடுக. மீன் கூட்டத்தின் நடுவே தங்கூசியை மெல்ல ஏற்றி இறக்கினால் இரை உயிருள்ளதுபோல் அசையும்.

அயிலை பெரும்பாலும் வலையிலேயே பிடிபடுகிறது. எனினும் பெருவலை வாங்க இயலாத கட்டுமரத்தார்க்கு இம்முறை இரைச்செலவை மிச்சப்படுத்தும். அறுந்த தங்கூசியைக் கடலில் எறிதல் ஆகாது. அது எளிதில் மக்குவதில்லை. ஆமைகளும் பறவைகளும் அதில் சிக்கி மடியும்.