பழைய வண்டி, புதிய பொறுப்பு

நுழையும்முன்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் பல. சித்தூரிலும் திருப்பதியிலும் அத்தகைய தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். அவர்களின் உறவினர் வேலூரிலும் சென்னையிலும் இருப்பர். திருமணம், திருவிழா, நோய் எனச் செல்ல வேண்டிய பயணங்கள் பெருகும்போது, சிறிய மகிழுந்து ஒன்று இருந்தால் நலம் என்னும் எண்ணம் வீட்டில் எழுகிறது. புதியது வாங்கப் பொருள் போதாத நிலையில், ஒருவர் பயன்படுத்திய வண்டியை மற்றொருவர் வாங்குவது வழக்கம். அவ்வாறு வாங்குவதில் உள்ள நன்மையையும் இடரையும் இப்பாடம் விளக்குகிறது.

எளியோரின் ஊர்தி

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு மகிழுந்து எட்டும் பொருளானது 1983-ஆம் ஆண்டிற்குப் பின்னரே. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வண்டி அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 796 சிசி திறனுடைய அச்சிறு வண்டி, முப்பது ஆண்டுகள் விற்பனையில் இருந்து, 2014-இல் உற்பத்தி நின்றது. புதிதாக வாங்கியவர் சில ஆண்டுகளில் விற்பார். அதனை வாங்கியவர் மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவார். இவ்வாறு ஒரே வண்டி இரண்டு மூன்று குடும்பங்களுக்கு உழைத்தது. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைத்தமையும், தெருமுனைப் பட்டறையிலேயே பழுது நீக்க முடிந்தமையும் அதன் சிறப்புகள். பழைய வண்டி வாங்குவோர் இன்றும் நினைவிற்கொள்ள வேண்டிய இலக்கணம் இதுவே. அரிய வண்டியைவிட, ஊரில் பலரும் ஓட்டுகின்ற, ஊர்ப் பட்டறையார் நன்கறிந்த வண்டியே சிக்கனமானது.

விலை வேறு, செலவு வேறு

ஒரு குடும்பத்தின் கையிருப்பு 2,00,000 ரூபாய் எனக் கொள்வோம். அத்தொகை முழுவதற்கும் வண்டி வாங்கிவிட்டால், வாங்கிய மறுநாளே துன்பம் தொடங்கும். தேய்ந்த டயர் ஒன்றின் விலை 3,500 ரூபாய் எனில் நான்கிற்கு 14,000 ரூபாய் ஆகும். பேட்டரி, எண்ணெய் மாற்றம், பெயர் மாற்றக் கட்டணம், காப்பீடு ஆகியன இதற்கு மேல் வரும். மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி வண்டியைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். 1000 சிசிக்கு மேற்படாத தனியார் மகிழுந்துக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட இதன் ஆண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 2,094 ரூபாய். ஆகவே, கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, எஞ்சிய 1,60,000 ரூபாய்க்குள் வண்டி தேடுவதே அறிவுடைமை.

எரிபொருட் செலவையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்று திரும்ப 140 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 10 லிட்டர் பெட்ரோல் தேவை. மாதம் ஒரு முறை மட்டுமே இப்பயணம் நிகழுமாயின், பேருந்தில் செல்வது மலிவாகலாம். முதியவரோ நோயாளியோ வீட்டில் இருப்பின் கணக்கு மாறும். வண்டி வேண்டாம் என முடிவு செய்வதும் நல்ல முடிவாக இருக்கக்கூடும்.

பல்லைப் பார்த்து வாங்குதல்

மாட்டுச் சந்தையில் மாடு வாங்குவோர் அதன் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. பொருள் கொடுத்து வாங்கும் மாட்டைப் பாராமல் இருத்தலும் ஆகாது. மகிழுந்துக்கும் பற்கள் உண்டு. அவை எவை என அறிந்தால் போதும்.

முதலாவது, கிலோமீட்டர் காட்டும் கருவி. அதில் உள்ள எண்ணைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று உண்டு. கருவி 30,000 எனக் காட்ட, பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்தும், ஓட்டுநர் இருக்கை குழிந்தும், ஸ்டீயரிங் பளபளத்தும் இருப்பின் ஐயம் கொள்ளல் வேண்டும். பணிமனையில் பழுது பார்த்த பழைய ரசீதுகளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

இரண்டாவது, டயர். அதன் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், சக்கரங்களின் நேரமைப்புப் பிசகியதைக் காட்டும்.

மூன்றாவது, வெள்ளத்தின் தடம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் திருப்பதியிலும் பெருமழை பெய்து தெருக்களில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய காலங்களில் நீரில் மூழ்கிய வண்டிகள், கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வண்டல் இருக்கலாம். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துருவும், உள்ளே ஈர நாற்றமும், விளக்கின் கண்ணாடிக்குள் நீர்க்கோடும் வெள்ளத்தின் சான்றுகள். மின்கம்பிகள் உள்ளுக்குள் அரித்துப் பல மாதங்கள் கழித்தே பழுதைக் காட்டும். ஆதலின் இவ்வகை வண்டியை மலிவு கருதியும் வாங்குதல் தகாது.

வண்டியைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று பார்த்தல் நன்று. முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டி, தன் குறையை மறைத்துக்கொள்ளும். தமக்கு நம்பிக்கையான பட்டறையாரை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆகும் சிறு கூலி வீண்செலவன்று.

எல்லை கடந்த வண்டி

சித்தூரிலிருந்து வேலூர் தொலைவன்று. அங்கே பேச்சும் தமிழ், விற்பவரும் தமிழர், சில வேளைகளில் உறவினர். ஆகவே அங்கிருந்து வண்டி வாங்குவது எளிது எனப் பலர் எண்ணுவர். மொழி எல்லையும் சட்ட எல்லையும் ஒன்றல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறியபோதும் மக்களின் உறவு மாறவில்லை. ஆனால் வண்டியின் பதிவேடு கோட்டைப் பார்க்கும், உறவைப் பாராது.

வேலூர்ப் பதிவெண் கொண்ட வண்டியை ஆந்திரத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், புதிய பதிவெண் பெறுதல் வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்கு முன்னைய அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். வண்டியின் வயதிற்கேற்ப ஆந்திரத்திற்குரிய வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும். இத்தொகையைக் கூட்டிப் பார்த்தால், அங்கே மலிவாகத் தோன்றிய வண்டி இங்கே மலிவாக இராது. சித்தூர் மாவட்டத்தின் பழைய பதிவெண்கள் ஏபி 03 எனத் தொடங்கும். அவ்வகை உள்ளூர் வண்டியின் விலை சற்றே கூடுதலாயினும், மொத்தச் செலவு குறைவாக அமையலாம்.

பெயர் மாறாத வண்டி

வண்டி வாங்குவதில் மிகப் பெரிய பிழை, பணத்தைக் கொடுத்துச் சாவியைப் பெற்றதுடன் எல்லாம் முடிந்தது எனக் கருதுவதாகும். ஒரு வழக்கு இதனை உணர்த்தும். 2007-இல் ஒருவர் தம் மகிழுந்தை விற்றார். பதிவேட்டில் பெயர் மாற்றப்படவில்லை. வண்டி அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியது. 2009-இல் அது விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் பிரிந்தது. வண்டிக்குக் காப்பீடும் இல்லை. இழப்பீடு தர வேண்டியவர் யார் என்னும் வினா உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ, சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். பொறுப்பும் அவருடையதே என நீதிமன்றம் கூறியது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டி, விற்றவரைத் தேடி வந்தது. மறுபுறம், உயிரிழந்தவரின் குடும்பம் இழப்பீட்டிற்காக நெடுங்காலம் காத்திருந்தது.

ஆகவே விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் கடமை உண்டு. ஒரே மாநிலத்திற்குள் விற்றால், விற்றவர் 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். இதற்குரியவை 29, 30 எண் படிவங்கள். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத வேண்டும். வண்டியின் மீது வங்கிக் கடன் இருந்திருப்பின், கடன் தீர்ந்தமைக்கான 35 எண் படிவத்தைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. பதிவுச் சான்றில் உள்ள இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும் என்பதால், எஞ்சிய காலத்தையும் கணக்கிடுதல் வேண்டும்.

வண்டி பேசும் மொழி

நோய் கண்டவர் உடல் குறி காட்டுவதுபோல வண்டியும் குறி காட்டும். புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது. குளிர்காலைப் பொழுதில் சிறிது வெண்மை தோன்றி மறைவது இயல்பு. வெண்புகை இடைவிடாது வந்தால் குளிர்விக்கும் நீர் இயந்திரத்துள் கசிகிறது எனலாம். சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ எனும் ஒலி மட்டும் கேட்டால், பேட்டரி வலுவிழந்ததாகவோ அதன் முனைகளில் உப்புப் பூத்ததாகவோ இருக்கலாம்.

இப்பகுதியின் கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு. வெப்பமானியின் முள் மேலேறினால், வண்டியை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்துக் காத்திருத்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். தேங்கிய வெள்ளத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் முடுக்கவும் கூடாது. உள்ளே புகுந்த நீர் இயந்திரத்தை உடைத்துவிடும்.

திருமலைக்குச் செல்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதை ஏறுவதற்கும், 1944-இல் திறக்கப்பட்ட முதல் பாதை இறங்குவதற்கும் பயன்படுகின்றன. ஏற்றம் பழைய வண்டியின் குளிர்விப்பைச் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். இறங்கும்போது பிரேக்கை விடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைத் தடுக்கும். இயந்திரத்தை அணைத்து இறங்குவது சிக்கனமன்று, பேராபத்து. மிதி மென்மையாகி உள்ளே இறங்கினாலோ, கருகிய நாற்றம் எழுந்தாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். பிரேக்கில் குறையுள்ள வண்டி மலை ஏறவே கூடாது.

பழைய வண்டி வாங்குவது குறைவான செயலன்று. தேர்ந்து வாங்கி, பெயர் மாற்றி, காலத்தில் எண்ணெய் மாற்றிப் பேணினால் அது பல்லாண்டு உழைக்கும். பெற்றோர் வண்டி பார்க்கச் செல்லும்போது, எண்களை ஒப்பிடவும் படிவங்களை வாசிக்கவும் பிள்ளைகள் துணை நிற்கலாம். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படும் இடங்களுள் அதுவும் ஒன்று.

சொற்பொருள்

மகிழுந்து – கார்
பட்டறை – பழுது நீக்கும் இடம்
வண்டல் – நீர் கொண்டுவந்து சேர்த்த சேறு
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு
முடுக்குதல் – இயங்கச் செய்தல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. டயரில் 0821 என்னும் எண் இருந்தால் அது எப்போது செய்யப்பட்டது?
2. ‘மொழி எல்லையும் சட்ட எல்லையும் ஒன்றல்ல’ – பாடத்தின் வழி விளக்குக.
3. பெயர் மாற்றம் செய்யாமையால் விற்றவருக்கும் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் நேர்ந்த துன்பங்கள் யாவை?
4. பிரித்து எழுதுக: பதிவெண், மலைப்பாதை, வெண்புகை.
5. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 160 கிலோமீட்டர் செல்ல எத்தனை லிட்டர் பெட்ரோல் வேண்டும்? அதன் விலையைப் பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
6. உங்கள் வீட்டில் வண்டி இருப்பின், பெற்றோரின் துணையோடு அதன் பதிவுச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று ஆகியவை முடிவடையும் நாள்களைக் குறித்து வருக. இல்லையெனில், அண்மையில் உள்ள பட்டறையாரிடம் கேட்டு, பழைய வண்டிகளில் அடிக்கடி நேரும் மூன்று பழுதுகளை எழுதி வருக.