தலைமை என்பது யாது? பொட்டிப்புரம் தரும் பாடம்

தலைமை என்றவுடன் நமக்கு நினைவு வருபவள் வகுப்புத் தலைவிதான். ஆசிரியை வெளியே சென்றதும் சுண்ணக்கட்டியை எடுத்து, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவள் அவள். கட்டி அவள் கையில் இருக்கும் வரை வகுப்பு அமைதியாக இருக்கும். கீழே வைத்தாளோ, வகுப்பு சந்தையாகிவிடும். இது அதிகாரம், தலைமை அன்று. ஒரு கனவைப் பலருடைய கனவாக்கி, ஏவுவார் இல்லாமலே அவர்கள் கைகொடுக்கும்படி செய்பவரையே தலைவர் என்கிறோம். அந்தப் 'பலர்' யார் யார் என்ற கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. அதை அறிய அயல்நாட்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. நம் தேனி மாவட்டத்தில், தேவாரத்துக்கு அருகே, மேற்கு மலையடிவாரத்தில் பொட்டிப்புரம் இருக்கிறது.

நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றி அறிவியல் பாடத்தில் கேட்டிருப்போம். அதற்கு மின்னூட்டம் இல்லை. எடையும் இல்லை என்று சொல்லுமளவு குறைவு. இந்த வரியை நாம் படித்து முடிப்பதற்குள் பல இலட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிப் போய்விடுகின்றன. எதிலும் ஒட்டாமல் போவதால் அதைப் பிடிப்பது அரிது. விண்ணிலிருந்து வரும் மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்த, தலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். ஆகவே மலைக்குள்ளோ, ஆழ்ந்த சுரங்கத்துக்குள்ளோதான் இந்த ஆய்வு நடக்கும்.

இத்துறையில் நம் நாடு பின்தங்கியிருந்ததில்லை. காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள், 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஆய்வு செய்தவர்களும் உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாருடன் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் அதில் சேர்ந்து உழைத்தனர். பின்னர் சுரங்கம் மூடப்படும் நிலை வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் நின்றது. கூடு கலைந்த பறவைகளைப் போல அத்துறையினர் சிதறினர்.

அவர்களை மறுபடி ஒன்றுசேர்த்த கதை உண்மையிலேயே போற்றத்தக்கது. 2002இல் அணுசக்தித் துறையைச் சார்ந்த 7 ஆய்வு நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நாளடைவில் பல்கலைக்கழகங்களும் சேர, 20க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கொண்ட கூட்டமைப்பு ஆயிற்று. பேராசிரியர் நபா மண்டல் பல ஆண்டுகள் அதன் முதன்மைப் பொறுப்பில் இருந்தார். 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கண்ணாடியாலான உணர்கருவிகளைச் செருகி, முழுவதையும் காந்தமாக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. இது ஒருவரால் முடியுமா? காந்தம் செய்ய ஒருவர், மின்னணுச் சாதனத்துக்கு ஒருவர், கணக்குப் போட ஒருவர் என்று எத்தனையோ பேர் வேண்டும். இன்னும் பிறக்காத கருவிக்காக இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தார்கள். சம்பளத்தையும் பதவியையும் மட்டும் காட்டி இத்தனை பேரை இத்தனை ஆண்டு சேர்த்து வைக்க முடியாது.

இடம் தேடும்போதுதான் சோதனை தொடங்கியது. முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். யானைகள் நடமாடும் காடு என்பதால் 2009இல் மத்திய அரசு மறுத்துவிட்டது. அதன்பின் பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலையைத் தேர்ந்தனர். உறுதியான ஒரே பாறை. சுமார் 2 கிலோமீட்டர் குடைந்தால் வேண்டிய ஆழம் கிட்டும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

ஊரில் எழுந்த கேள்விகள் வேறு. மலைக்கு வெடி வைத்தால் கிணற்று நீர் என்னாகும்? சுவர் விரிசல் விடுமா? முல்லைப்பெரியாறு அணைக்கும் இடுக்கி அணைக்கும் அதிர்ச்சி போய்ச் சேருமா? ஆடுமாடுகளை இனி எங்கே மேய்ப்பது? அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார்கள் என்ற பேச்சும் பரவியது. திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று விஞ்ஞானிகள் மறுத்தார்கள். விளக்கக் கூட்டங்களும் நடத்தினார்கள். நியூட்ரினோ யாருக்கும் தீங்கு செய்யாது என்றார்கள். அது உண்மைதான். ஆயினும் ஆடு மேய்க்கும் அம்மா கேட்டது நியூட்ரினோவைப் பற்றியா? வெடியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அல்லவா! கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த விடை வேறொன்று என்றால் நம் தேர்வுத் தாளிலேயே மதிப்பெண் கிடைப்பதில்லை.

வழக்குகள் தொடர்ந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெறாமல் பணி தொடங்கக் கூடாதென 2015 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது; 2018இல் மீண்டும் அனுமதி வந்தது. அருகில் கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதால், வனவிலங்கு வாரியத்தின் இசைவும் தேவை என்று தீர்ப்பாயம் கூறியது. 2022இல் தமிழ்நாடு அரசு, இத்திட்டம் வேண்டாமென்று உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

அறிவியலை எதிர்ப்பது அறியாமை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்தவர்களை ஒரே குடும்பமாக்கத் தெரிந்தவர்களுக்கு, மலையடிவாரத்து ஊரை அக்குடும்பத்தில் சேர்க்கக் கைவரவில்லை. இடத்தை முடிவு செய்த பிறகு வந்து விளக்குவது வேறு. முடிவு செய்யும் முன்பே திண்ணையில் உட்கார்ந்து கேட்பது வேறு.

இரண்டாவது வழியில் நடந்த ஒருவர் நம் பக்கத்து மாவட்டத்தில் பிறந்தவர். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926இல் அய்யன்கோட்டையில் நிலமற்ற ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த நாளில் பட்டம் பெற்றார். வினோபாவின் பூதான இயக்கத்தில் கணவருடன் ஊர் ஊராக நடந்தார். தானமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் கணிசமான பகுதி உழுபவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் அவ்வியக்கத்தின் வரலாறு காட்டுகிறது. கனவு பெரிது, ஆனால் கொடுப்பவரின் மனத்தையே அது நம்பியிருந்தது.

1968 டிசம்பர் 25. நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில் கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதே அவர்கள் செய்த குற்றம். செய்தியறிந்த கிருஷ்ணம்மாள் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அப்பகுதி மக்களோடு தங்கிவிட்டார். என்ன வேண்டும் என்று பெண்களைக் கேட்டார். சொந்த நிலம் என்பதே விடையாயிற்று.

1981இல் 'லாஃப்டி' என்னும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முறையைக் கவனிக்க வேண்டும். நிலவுடைமையாளரோடு பேசி நியாய விலை முடிவு செய்வார்கள். வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்குவார்கள். பத்திரம் பெண்ணின் பெயரில் பதிவாகும். கடனை உழைத்து அடைப்பதும் அந்தப் பெண்களே. விற்றவரும் பகையாகவில்லை, வாங்கியவரும் இரந்து நிற்கவில்லை. இவ்வாறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏறக்குறைய ஓர் ஏக்கர் வீதம் நிலம் பெற்றன. பின்னர் இறால் பண்ணைகள் வந்து வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, அதே பெண்கள்தாம் முன்வரிசையில் நின்றார்கள். கணவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாற்று நோபல் எனப்படும் விருது 2008இலும், பத்மபூஷண் 2020இலும் அம்மையாரைத் தேடி வந்தன.

ஓர் ஏக்கர் நிலத்தையும் 50,000 டன் இரும்பையும் ஒப்பிடலாமா என்று நம் அறிவியல் பிரிவுத் தோழியர் கேட்கக்கூடும். அளவு வேறுதான். நிலம் யாருக்கென்று அங்கே கேள்வியே எழவில்லை. நியூட்ரினோவோ உலகத்தார் அனைவருக்குமானது, பொட்டிப்புரத்துக்கு மட்டும் உரியதன்று. ஆகவே விஞ்ஞானிகளின் வேலை கடினமானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அம்மலையின் ஓடைகளை, மேய்ச்சலை, எந்த மாதம் எந்தக் கிணறு வற்றும் என்பதை அறிந்தவர்கள் அவ்வூரார்தாம். அவர்களையும் ஆய்வின் பங்காளிகளாகத் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தால் நீரளவைக் குறித்து வைக்கும் கணக்குப் புத்தகமாவது ஊரார் கையில் இருந்திருக்கும். வெடிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அவர்களே பார்த்திருக்கலாம். ஒருவேளை அதன்பிறகும் வேண்டாம் என்றிருப்பார்கள். அப்படிச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

மதுரைக்கு அருகே வடபழஞ்சியில், அந்தப் பெரிய கருவியின் சிறு மாதிரியொன்றை 85 டன் எடையில் விஞ்ஞானிகள் அமைத்தார்கள். பொட்டிப்புரத்து மலை குடையப்படவில்லை.