திறன் உரைத்தல் தற்புகழ்ச்சி ஆகுமா?

உரைநடை உலகம்

நுழையும்முன்

கற்ற கல்வியும் பயின்ற கலையும் ஒருவரிடம் இருந்தால் மட்டும் போதுமா? அவை இருக்கின்றன என்பது பிறர்க்குத் தெரிய வேண்டாவா? தன்னைப் பற்றித் தானே பேசுவது தகாது என்று கேட்டு வளர்ந்த நாம், இணையவழியில் பணி தேடும் இக்காலத்தில் எதைச் சொல்வது? எந்த அளவோடு சொல்வது? இவ்வினாக்களுக்கு நம் இலக்கணமரபின் துணையுடன் விடைதேடுகிறது இப்பாடம்.

திறன் இருந்தும் தெரியாத நிலை

சிற்றூர் ஒன்றில் வாழும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மனக்கண்ணில் கொண்டுவருவோம். தமிழிலக்கியம் பயின்ற அப்பெண், மருத்துவக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்துத் தருகிறார். அவரிடம் பணி பெற்றவர் எவரும் இதுவரை குறை கூறியதில்லை. ஆயினும் மாதத்தில் பாதிநாள் அவருக்குப் பணியில்லை. அதே வேளையில், அருகிலுள்ள நகரத்து மருத்துவமனை ஒன்று தக்க மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல், கணினி பெயர்த்துத் தந்ததை அப்படியே அச்சிடுகிறது. மருந்தை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா என்பது அக்கையேட்டில் குழம்பிக் கிடக்கிறது. ஒருவர் தம் திறனைச் சொல்லாமல் இருந்ததால் நேர்ந்த இழப்பு அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அந்தக் கையேட்டை நம்பி மருந்துண்ணும் நோயாளிக்கும் அதில் பங்குண்டு.

அவர் ஏன் சொல்லவில்லை? 'என் வேலையே எனக்காகப் பேசும்' என்பது அவரது நம்பிக்கை. அந்நம்பிக்கை பாதி உண்மை. செய்த பணி, அதைக் கண்டவரிடம் மட்டுமே பேசும். காணாதவரிடம் அதனால் பேச இயலாது. நிறுவனம் ஒன்றில் நிலையான ஊதியத்திற்குப் பணியாற்றுபவருக்கு அந்நிறுவனத்தின் பெயரே அறிமுகமாகிவிடுகிறது. பணிதோறும் தனித்தனியே ஒப்புக்கொண்டு உழைக்கும் தற்சார்புப் பணியாளர்க்கு அத்தகைய அறிமுகம் இல்லை. அவர் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவராகிறார்.

தெரிந்து தெளிவோம்

தற்சார்புப் பணியாளரை இன்று 'ஃப்ரீலான்சர்' என வழங்குகிறோம். கட்டற்ற ஈட்டிவீரர் என்பது அச்சொல்லின் நேர்பொருள். எந்த அரசனுக்கும் உரியவராகாமல் கூலிக்குப் போர்புரிந்த வீரரைக் குறிக்க, வால்டர் ஸ்காட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'ஐவன்ஹோ' என்னும் புதினத்தில் இச்சொல்லைக் கையாண்டார். பின்னர் அது எழுத்தாளர், கலைஞர் முதலியோருக்கும் ஆகிவந்தது.

பரிசிலர் காட்டிய நெறி

இந்நிலை நமக்குப் புதிதன்று. சங்ககாலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் புலவர் பலரும் ஊர்தோறும் சென்று தம் கலையைக் காட்டிப் பரிசில் பெற்றே வாழ்ந்தனர். பரிசில் பெற்று வந்த கலைஞர், வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞரிடம் வள்ளலின் இயல்பையும் அவர் ஊருக்குச் செல்லும் வழியையும் கூறி ஆற்றுப்படுத்தினார். தாம் பெற்ற வாய்ப்பைத் தம்மைப் போன்ற பிறர்க்கும் காட்டும் அப்பண்பே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையாக மலர்ந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகளே.

வாய்ப்பை நாடிச் சென்ற அவர்கள் மதிப்பை இழந்து நிற்கவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு பதிவு செய்கிறது. தம் தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் போதும் என்பதே அவர் கருத்து. பரிசில் வேண்டிச் செல்வதும் தன்மதிப்பைக் காப்பதும் ஒருவரிடமே ஒருங்கே இருக்க முடியும் என்பதை அப்புலவர் காட்டுகிறார்.

நன்னூல் வகுத்த எல்லை

அடக்கத்தைப் போற்றும் நம் மரபு, திறனை உரைப்பதற்கு இடம் தருகிறதா? பவணந்தி முனிவர் இதற்கு நேரடியாகவே விடை தருகிறார். பல துறைகளில் புதியன படைத்து முடித்தவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று நன்னூலின் பாயிரம் முதலில் விதிக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, அது தகும் இடங்கள் நான்கினை எடுத்துரைக்கிறது.

அரசவைக்கு ஓலை எழுதும்போது, தம் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தம்மைப் பழித்த வேளையில் என்பன அந்நான்கு இடங்கள். இவற்றைச் சற்று எண்ணிப் பார்த்தால், பணிக்கு விண்ணப்பம் எழுதுவதும், அறிமுகமில்லாதவர் காணும் இணையப் பக்கத்தில் தம்மைப் பற்றிக் குறிப்பதும், நேர்காணலில் விடையளிப்பதும் இவற்றுள் அடங்கும் என்பது விளங்கும். நம் மொழிபெயர்ப்பாளர் தம்மை அறிந்த சுற்றத்தாரிடம் தம் திறனை விரித்துரைத்தால் அது தற்புகழ்ச்சி. அறியாத மருத்துவமனைக்கு எழுதித் தெரிவித்தால் அது கடமை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர்க்குத் தயக்கம் தானே தளரும்.

பாயிரமும் அறிமுகப் பக்கமும்

எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. மாளிகைக்கு ஓவியமும் மாநகர்க்குக் கோபுரமும் போல நூலுக்குப் பாயிரம் அழகும் அடையாளமும் தருகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டும். காலம், களம், காரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கூறுவாரும் உளர்.

இன்று இணையத்தில் ஒருவர் அமைக்கும் அறிமுகப் பக்கத்திற்கும் இக்கூறுகள் பலவும் பொருந்துகின்றன. பெயர் என்ன? எவ்வழியில் கற்றார்? எந்த எல்லைக்குள் பணியாற்றுகிறார்? எப்பொருளில் தேர்ந்தவர்? யாருக்காகச் செய்கிறார்? அதனால் அவர் அடையும் பயன் யாது? எத்தனை நாளில் முடித்துத் தருவார்? இவற்றுக்கு விடை இருந்தால் அப்பக்கம் நிறைவுறும்.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பாயிரக் கூறுகள் அனைத்தும் செய்திகள். அவற்றுள் புகழுரை ஒன்றுமில்லை. 'நான் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதத் தயங்கும் கை, 'நீரிழிவு நோய் பற்றிய 40 பக்கக் கையேட்டினை எளிய தமிழில் பெயர்த்துள்ளேன். அதன் முதல் இரு பக்கங்களை இங்குக் காணலாம்' என்று எழுதத் தயங்காது. முன்னதை நம்புவதா என்று படிப்பவர் ஐயுறுவார். பின்னதைத் தாமே படித்துத் தெளிவார். அடைமொழியைக் குறைத்துச் சான்றினைக் கூட்டுவதே தன்னம்பிக்கையோடு தன்னை அறிவிக்கும் வழி.

டா வின்சி எழுதிய மடல்

லியோனார்டோ டா வின்சியின் வாழ்விலும் இதனைக் காணலாம். ஏறத்தாழ 30 வயதில், 1482ஆம் ஆண்டை ஒட்டி, மிலான் நகர ஆட்சியாளரான லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதுவதற்கென அவர் அமைத்த மடலின் வரைவு இன்றும் கிடைக்கிறது. அதில் அவர் தம் திறன்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறார். எளிதில் சுமந்து செல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என அவ்வரிசை நீள்கிறது. கட்டடம், நீர்வழி, சிற்பம் ஆகியன அமைதிக்காலத்துப் பணிகளாகப் பின்னர் வருகின்றன. ஓவியம் ஏறக்குறைய இறுதியில்தான் இடம்பெறுகிறது. பெறுபவரின் தேவை எதுவோ அதனை முற்படக் கூறியமையே இதற்குக் காரணம். முடிவில், ஐயம் எழுமாயின் ஆட்சியாளர் விரும்பும் இடத்திலேயே செய்து காட்டுவதாகவும் அவர் உறுதியளிக்கிறார். பிற்காலத்தில் 'இறுதி இராவுணவு' என்னும் ஓவியத்தை அவர் படைத்தது அதே மிலான் நகரில்தான்.

பிறர் சொல்லும் சான்று

சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியரே எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரே எழுதுவதற்கு உரியர் என்கிறது நன்னூல். ஒருவரை நெருங்கி அறிந்தவரின் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்னும் உண்மை இவ்விதியில் பொதிந்துள்ளது. பணி முடிந்ததும், அதைப் பெற்றவரிடம் ஓரிரு வரிகளில் கருத்து எழுதித் தருமாறு பணிவுடன் கேட்பதில் தாழ்வில்லை. தமக்குக் கிடைத்த வாய்ப்பைத் தகுதியுடைய மற்றவர்க்கும் ஆற்றுப்படுத்தினால், நாளை அவர் நம்மை ஆற்றுப்படுத்துவார்.

காக்க வேண்டிய அளவு

திறன் உரைப்போர் காக்க வேண்டிய நெறிகளும் உள. பிறர்க்குச் செய்தளித்த பணியை அவரது இசைவின்றிப் பொதுவில் இடலாகாது. செய்யாததைச் செய்ததாகக் கூறின், முதற்பணியிலேயே அப்பொய் வெளிப்படும். வீட்டு முகவரி போன்ற தனிச்செய்திகளை எல்லாரும் காணும் பக்கத்தில் தருதல் கூடாது. பணி தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரிடம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மறுமொழி வராத விண்ணப்பங்கள் பல இருக்கும். அவற்றைத் தம் திறனுக்குக் கிடைத்த தீர்ப்பாகக் கருதலாகாது.

அடக்கம் என்பது இல்லாததைச் சொல்லாமை. இருப்பதை மறைத்தல் அன்று. நம் மொழிபெயர்ப்பாளர் அந்த மருத்துவமனைக்கு ஒரு பக்க மடலும் இரு பக்க மாதிரியும் அனுப்பும் நாளில், அவர்க்குப் பணி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால், அவரால் இயலும் என்பதை அவர்கள் அறிந்திருப்பர். அந்த அறிமுகத்தைச் செய்யும் பொறுப்பு அவருடையதே.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்குத் தெரிந்த ஒரு கலை அல்லது தொழில்திறன் குறித்து, அடைமொழி எதுவும் இன்றிச் செய்திகளை மட்டும் கொண்டு ஐந்து வரிகளில் அறிமுகம் எழுதுக.

2. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரின் திறனைச் சான்றுடன் விளக்கி, அவருக்கு ஒரு சிறப்புப்பாயிரம் உரைநடையில் எழுதுக.

3. உங்கள் ஊரில் தையல், ஓவியம், ஒளிப்படம் போன்ற பணிகளைத் தனித்துச் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் முதல் வாய்ப்பைப் பெற்ற முறையைக் கேட்டு வகுப்பறையில் கூறுக.

மதிப்பீடு

குறுவினா: தன்னைப் புகழ்தல் தகும் என நன்னூல் கூறும் இடங்கள் யாவை?

சிறுவினா: டா வின்சியின் மடலில் ஓவியம் இறுதியில் இடம்பெற்றதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா: 'அடக்கம் என்பது இருப்பதை மறைத்தல் அன்று' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.