நரியைக் கூப்பிட எந்த ஊதல்?

மூலனூர்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பேரனுக்கு,

அப்பிச்சி எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்பிச்சி வேண்டாங்கறாரு" என்பது மட்டும்தான் உன் காதில் நிற்கும், காரணம் நிற்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கல் லீவுக்கு நண்பர்களோடு நம்ம மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்கு வரப்போகிறாய். நரியைக் கிட்டத்தில் வரவைத்து வீடியோ எடுக்க ஆசை. வாயில் வைத்து ஊதும் ஊதலும் ஆன்லைனில் விற்கிறது, பலவிதக் குரல்களை அடக்கிய ஸ்பீக்கரும் விற்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்டாய். இரண்டையும் வாங்காதே என்பதுதான் என் பதில். ஆனால் அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வேண்டாமென்று வைப்பதுதான் உனக்கு அழகு.

முதலில், எந்த நரி? நம்ம பக்கம் ரெண்டு இருக்கின்றன. ராத்திரி கூட்டமாக ஊளையிடுவது பெரிய நரி, எட்டுப் பத்து கிலோ தேறும். இன்னொன்று குள்ளநரி. ரெண்டு மூன்று கிலோதான், வால் நுனி கறுப்பாக இருக்கும், வெட்டவெளியில் வளை தோண்டிக் குடியிருக்கும். சேலம் பக்கம் அதை வங்காநரி என்பார்கள். வெளிநாட்டு ஊதல்கள் இந்த ரெண்டுக்காகவும் செய்தவை அல்ல. அவற்றில் பல ஐரோப்பாவின் செந்நரிக்காகச் செய்தவை. அந்தச் செந்நரியை வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்கென்றே 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருகி அந்த மண்ணின் சின்னச் சின்ன உயிர்களைத் தின்று தீர்த்தது. இன்றைக்கு அங்கே நரியை ஊதிக் கூப்பிட்டுச் சுடுவது பண்ணைக்காரர்களுக்கு ஒரு காவல் வேலை. அங்கே வந்தேறியாக இருப்பதன் சொந்தக்காரன் இங்கே மண்ணின் மைந்தன். அந்த ஊர் நியாயம் இந்த ஊருக்கு ஆகாது.

அடுத்தது குரல். எந்த ஊதலாக இருந்தாலும் அது நரியிடம் ஒரு பொய்தான் சொல்கிறது. அந்தப் பொய் மூன்று வகை.

முதலாவது பசிக்குச் சொல்லும் பொய். அடிபட்ட முயலின் அலறல், எலியின் கீச்சல். கடையில் அதிகம் விற்பது முயல் அலறல்தான். குள்ளநரியின் சாப்பாடோ பெரும்பாலும் வண்டு, வெட்டுக்கிளி, கரையான், வெள்ளெலி, பருவத்தில் இலந்தைப் பழம். முழுசாக வளர்ந்த முயல் அதற்கு மலை மாதிரி. அது திரும்பிப் பார்க்க எலிக் கீச்சு போதும், அதற்குப் புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினாலே சத்தம் வந்துவிடும், காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். முயல் அலறலுக்குப் பெரிய நரி வரலாம். அதோடு கீரி வரும், காட்டுப்பூனை வரும், ஊர் நாய்கள் கூட்டமாக வரும். உன் நண்பர்கள் தடாகம், ஆனைகட்டிப் பக்கம் போய் முயற்சி செய்யலாம் என்றார்களாமே, அங்கே சிறுத்தை வரும். புதருக்குள் குனிந்து உட்கார்ந்து முயல் மாதிரி கத்துகிறவன் சிறுத்தைக்கு யார் என்று யோசித்துப் பார்.

இரண்டாவது சொந்தத்துக்குச் சொல்லும் பொய், நரி ஊளை. நரி ஜோடியாக வாழ்வது; தன் எல்லையைக் குரலாலும் காக்கிறது. வேறு நரியின் ஊளை கேட்டால் நின்ற இடத்திலிருந்தே பதில் ஊளையிடும். சில சமயம் யாரடா அது என்று பார்க்க வரும்.

மூன்றாவதுதான் ரொம்பப் பொல்லாதது, குட்டியின் முனகல். தாய்க்கும் தகப்பனுக்கும் காது அதில்தான் இருக்கும். ஆபத்தென்று தெரிந்தும் வரும். மார்கழி, தை குள்ளநரி ஜோடி சேர்ந்து சினையாகும் காலம். சினைக்காலம் ஏறக்குறைய 50 நாள். மாசி, பங்குனியில் வளைக்குள் குட்டி இருக்கும், தாயும் தகப்பனும் சேர்ந்து வளர்க்கும். நீ வரப்போவது சரியாக அந்தக் குட்டிக் காலத்தின் வாசலில்.

வாய் ஊதலா, ஸ்பீக்கரா என்றால், வாய் ஊதலுக்கு மூச்சுப் பழக்கம் வேண்டும். ஏற்றி இறக்கி, நடுவில் நிறுத்தி ஊதத் தெரியாதவன் ஊதினால் நரி இன்னும் தூரமாகத்தான் போகும். ஸ்பீக்கர் தப்பில்லாமல் கத்தும். ஆனால் ஒரே கத்தலைத் திரும்பத் திரும்பக் கத்தும். ஒருதரம் ஏமாந்த நரி அடுத்த தரம் அந்தச் சத்தத்தை நம்பாது. இன்னொரு சங்கதியும் தெரிந்துகொள். நரி நேராக வராது. காற்று போகும் பக்கமாகச் சுற்றி வந்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் கிட்ட வரும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அது கிழக்கே சுற்றும். தையில் வாடை அடிக்கும்போது தெற்கும் மேற்குமாகச் சுற்றும். ஊதலை விற்கிறவன் இதை உனக்குச் சொல்லமாட்டான்.

இந்தக் கலையை நிஜமாகவே கரைத்துக் குடித்தவர்கள் நரிக்குறவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது அறுவடை முடிந்த காட்டில் கூடாரம் போடுவார்கள். வேலி இடைவெளியில் வலையைக் கட்டிவிட்டு, ஒருவர் புதருக்குப் பின்னால் படுத்து ஊளையிடுவார். பெரிய நரியின் குரல், பதிலுக்குப் பெட்டையின் குரல், சண்டைக் குரல் எல்லாம் அந்த ஒரே தொண்டையிலிருந்து வரும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் குருவிக்காரர்கள் என்ற பெயரில் இவர்களின் நரி வேட்டையும் பதிவாகியிருக்கிறது. அது அவர்களுக்குச் சோறு. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாளடைவில் அந்தச் சோற்றை நிறுத்தியது. பாசிமணிக்கும் ஊசிமணிக்கும் மாறினார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான், அத்தனை காலம் காத்திருந்தார்கள். வயிற்றுக்காகக் கூப்பிட்டவர்களையே நிறுத்தச் சொன்ன நாட்டில், நாம் வேடிக்கைக்குக் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

"நாங்க சுடவா போறோம், படந்தானே எடுக்கறோம்" என்பாய். சட்டத்தின் வேட்டை உன் வேட்டையைவிட அகலம். கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட அதில் வேட்டைதான். பட்டா நிலம் என்றாலும் விலக்கு இல்லை. 2022இல் திருத்தி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பெரிய நரியும் குள்ளநரியும் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. அந்த அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஏழு வருஷம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நரிக்கொம்பு, நரிப்பல் என்று எவனாவது நீட்டினாலும் வாங்கிவிடாதே. கொம்பு பெரும்பாலும் போலி. நிஜமாக இருந்தால் அதுவே வழக்கு.

வாழப்பாடி வட்டாரத்தில் சில ஊர்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை போட்டுப் பிடித்து, கோயில் முன்னால் ஓடவிட்டுப் பிறகு காட்டில் விடும் வழக்கம் உண்டு. அதன் முகத்தில் முழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. கும்பிடத்தான் பிடிக்கிறோம் என்று சொல்லியும் வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. அந்தச் சனங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சினைப் பருவத்து நரி காலில் கயிற்றோடு மேளச் சத்தத்துக்கு நடுவில் ஓடிவிட்டு, திரும்ப விட்டதும் பழைய வளைக்கே நல்லபடியாகப் போய்ச் சேரும் என்பதற்கு யார் ஜவாப்தாரி?

நான் உனக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். கூப்பிட்டவன்தான் ஜவாப்தாரி. ஊரார் ஒருத்தரை விருந்துக்கு அழைத்தால் அவர் நல்லபடியாக வீடு திரும்பும்வரை நம் பொறுப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். சத்தம் கேட்டு வரும் நரி தார் ரோட்டைத் தாண்டித்தான் வரும். பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடியைத் தாண்டி வரும். ஊர் நாய்களைத் தாண்டி வரும். வந்து ஒன்றும் கிடைக்காமல், அன்றைய ராத்திரி இரை தேடும் நேரத்தையும் இழந்துவிட்டுத் திரும்பும். இதற்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தவன் கூப்பிடட்டும்.

ஒரு எச்சரிக்கை. கூப்பிடாமலே, பகலில், பயமில்லாமல் ஆள் கிட்டே வரும் நரியைப் பார்த்தால் கேமராவை எடுக்காதே, விலகிப் போ. வெறி பிடித்ததாக இருக்கலாம். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரம், பச்சிலை என்று ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

நரியைப் பார்க்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. நம்ம கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் இன்னும் நிற்கின்றன, சுற்றிக் கிளுவை வேலி நிற்கிறது. தெற்கே இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி அடர்ந்த அந்த வண்டித்தடம்தான், காலங்காலமாக நரியின் ராஜபாட்டை. ஊரில் பாதி இட்டேரியை அழித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். மயில் பெருத்துப்போய் விதைத்ததையெல்லாம் கொத்துகிறது என்று புலம்புகிறவர்களே, முட்டையும் குஞ்சும் தின்று மயிலைக் கட்டுக்குள் வைத்திருந்த நரி எங்கே போயிற்று என்றும் கேட்கிறார்கள். ஒளிய வேலி இல்லாத காட்டில் அது எப்படி நிற்கும்? நம்ம இட்டேரியை நான் விடவில்லை. ஆட்டுப்பட்டிக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி வழிந்து ஈரமாகும் இடத்தில் விடியக்காலையில் கால்தடம் இருக்கும். நாய்த் தடத்துக்கும் நரித் தடத்துக்கும் வித்தியாசம் காட்டித் தருகிறேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்து, நம் வாசம் தடத்துப் பக்கம் போகாத மாதிரி தள்ளி உட்கார வேண்டும். பேச்சு கூடாது, ப்ளாஷ் கூடாது, டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள். வளை கண்ணில் பட்டால் கிட்டப் போகாதே, அந்த இடத்தின் லொகேஷனை யாருக்கும் அனுப்பாதே. முதல் நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம். பொறுத்திரு.

ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. ஊர் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றுவது வெறிநோய் மட்டுமல்ல, டிஸ்டெம்பரும் தொற்றும். குள்ளநரிக் குடும்பத்தையே அது காலி செய்துவிடும். நம்ம பட்டி நாய்கள் ரெண்டுக்கும் தடுப்பூசி தவணை வந்துவிட்டது. கால்நடை மருந்தகத்தில் வெறிநோய் ஊசி போட்டுவிடுவார்கள். டிஸ்டெம்பர் மருந்தைக் கோயமுத்தூரில் விசாரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வா. நண்பர்களையும் கூட்டி வா, ஆனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், இட்டேரி தாங்காது. உன் அமிச்சி கச்சாயம் சுட்டு வைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பிச்சி