எந்த நோய்க்கு எங்கே போவது?

ஒரே தெரு. பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதத்தில் நோய் வந்தது.

முதல் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. காலையிலிருந்து நான்கு முறை தண்ணீராகப் பேதி போனது. தாய் பயந்து போனாள். கம்மலை அடகு வைத்தாள். பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் குழந்தையைச் சேர்த்தாள். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் குழந்தை நலமாகி வீட்டுக்கு வந்தது. கம்மல் வரவில்லை.

அடுத்த வீட்டுக்காரர் இரவில் வரப்பில் நடந்து வந்தார். காலில் பாம்பு கடித்தது. வீட்டார் அவரை மந்திரிப்பவரிடம் தூக்கிப் போனார்கள். அவர் காலில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். வேப்பிலை அடித்தார். விடியும் நேரத்தில் நோயாளியின் ஈறில் ரத்தம் கசிந்தது. அதன் பிறகு பக்கத்து ஊர் கிளினிக்குக்கு ஓடினார்கள். அங்கே விஷமுறிவு மருந்து இல்லை. மாவட்ட மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடித்தது கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. சிறுநீரகத்தையும் கெடுக்கும். உயிர் தப்பியது. ஆனால் பல வாரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

மறுவாரம் கிராம செவிலியர் அந்தத் தாயைப் பார்க்க வந்தார்.

"ஏம்மா, முதலில் என்னிடம் வந்திருக்கலாமே?"

"நீங்க ஊசி போட மாட்டீங்க, மாத்திரைதான் தருவீங்கன்னு சொன்னாங்க, நர்ஸம்மா."

"பேதிக்கு ஊசி எதற்கம்மா? உடம்பிலிருந்து போன தண்ணீரும் உப்பும் திரும்பி உள்ளே போனால் போதும்."

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம் ஊர்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதனால் போன பணம் கொஞ்சமல்ல.

செவிலியர் ஒரு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அதன் மேல் ஓ.ஆர்.எஸ். என்று எழுதியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். அதில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மீதியை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. இவை துணை சுகாதார நிலையத்தில் இலவசம்.

"ஆனால் ஒன்று. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால், கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், எனக்காகக் காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் செவிலியர்.

நம் நாட்டில் அரசு மருத்துவ வசதிகள் படிப்படியாக அமைந்துள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும். மலைப் பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. இங்கே தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, சிறு நோய்களுக்கு மருந்து கிடைக்கும். பல ஊர்களில் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று எழுதியிருந்தால் தயங்க வேண்டாம். அது அதே நிலையம்தான்.

அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையம். இங்கே மருத்துவர் இருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் இங்கே போக வேண்டும். சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு மாதா மாதம் நகரத்துக்கு அலைய வேண்டாம். நாய் கடித்தால் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அன்றைக்கே இங்கே வந்து தடுப்பூசி போட வேண்டும்.

அதற்கு மேல் 30 படுக்கை உள்ள சமுதாய சுகாதார நிலையம். பிறகு மாவட்ட மருத்துவமனை. சமுதாய சுகாதார நிலையத்தில் சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா இடத்திலும் அவர்கள் இருப்பதில்லை. கர்ப்பிணி உள்ள வீட்டார் இதை முன்பே விசாரிக்க வேண்டும். ஆபரேஷன் வசதி எங்கே இருக்கிறது? ரத்தம் எங்கே கிடைக்கும்? ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, உணவு, போக வர வண்டி எல்லாம் 2011 முதல் இலவசம்.

மேல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதித் தருவார். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். அங்கே மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.

ஆனால் சில நோய்களுக்குப் படிப்படியாக ஏறிக் கொண்டிருக்க நேரமில்லை. நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, வியர்வை. திடீரென்று வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது. பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தம். பாம்புக் கடி. இவற்றுக்கு 108 வண்டியைக் கூப்பிட வேண்டும். வாய் கோணிய நோயாளிக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

பாம்பு கடித்தவரை நடக்க விடக் கூடாது. கடித்த காலை அசையாமல் வைக்க வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வர வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்த வீட்டுக்காரர் வீடு திரும்பினார். அவர் மனைவி அறிவொளி வகுப்பில் படித்தவர். ஆஷா பணியாளரிடம் விசாரித்து வந்தார். கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் மூன்று வரி எழுதினார். 108. ஆஷாவின் செல்போன் எண். விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரியின் பெயர். அன்று மாலை குழந்தையின் தாய் வந்து அதைப் பார்த்துத் தன் வீட்டுச் சுவரிலும் எழுதிக் கொண்டாள்.