நீர்த்தடம் அளக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

யாங்கோனை இன்னும் ரங்கூன் என்றே சொல்லிப் பழகிய தலைமுறை என்னுடையது. இந்த ஊரின் நீர்க் கணக்கைப் பார்க்கப் பொறியாளர், வேளாண்மை படித்தவர், நிலத்தடி நீர் அறிந்தவர், வணிகம் தெரிந்தவர் என்று பலர் சேர்ந்து உட்காருகிறார்கள். அந்த மேசைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சில சொல்லி வைக்கிறேன்.

1. முதல் நாள் அளவைகளைச் சரிசெய்யுங்கள். விவசாயி நெல்லைக் கூடையில் சொல்வார். சந்தையில் வெங்காயம் வீசையில் போகும். குழாய்ப் பொறியாளர் காலனில் பேசுவார். ஆய்வாளர் கனமீட்டரில் எழுதுவார். இங்கே ஒரு கூடை நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஒரு வீசை 1.63 கிலோ. சென்னையின் பழைய வீசை 1.4 கிலோதான், ஆகவே தாத்தா சொன்ன கணக்கை நம்பாதீர்கள். இங்கே புழங்குவது நாலரை லிட்டர் காலன். அமெரிக்கக் காலன் நாலு லிட்டருக்கும் குறைவு. இதை விட்டுவிட்டு எத்தனை பெரிய நிபுணர்கள் கூடினாலும் விடை தப்பும்.

2. ஆண்டுச் சராசரியோடு நிற்காதீர்கள், மாதத்தைக் கேளுங்கள். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. கிட்டத்தட்ட முழுவதும் மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சராசரியைப் பார்த்தால் இந்த ஊருக்கு என்ன குறை என்று தோன்றும். ஏப்ரலில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போய்ப் பாருங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, ஊர்க்குளம்தான் கதி. தோளில் காவடி, இரு முனையிலும் தகரம், நீண்ட வரிசை. தெருவில் குழந்தைகள் ஆகஸ்டில் நனைந்து விளையாடும் லிட்டரையும் இந்த வரிசையில் நின்று எடுக்கும் லிட்டரையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால், கூட்டல் சரியாக இருக்கும், முடிவு தப்பாக இருக்கும்.

3. நிறம் பிரிக்காமல் எண் சொல்லாதீர்கள். பொருளுக்குள் மறைந்து பயணம் போகும் நீரைப் பற்றி டோனி ஆலன் 1990களில் பேசினார். அதை நாம் மறைநீர் என்கிறோம். 2002இல் நெதர்லாந்தின் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா நீர்த்தடம் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். அதில் மழை மண்ணில் விட்ட ஈரம் பச்சை. ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து எடுத்தது நீலம். கழிவைத் தீங்கில்லாத அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு நீர் வேண்டுமோ அது சாம்பல். இந்தச் சாம்பல் நீரை யாரும் குழாயில் பிடிப்பதில்லை. அது மாசின் அளவு. இது தெரியாமல் ‘ஆலை இத்தனை கோடி லிட்டர் குடித்தது’ என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

4. உளுந்தைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பகோவிலும் ஐராவதி டெல்டாவிலும் நெல் அறுத்த கையோடு உளுந்து விதைப்பார்கள். பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே செடி காய்த்துவிடும். அது ரங்கூன் துறைமுகம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அங்கே மண்டியில் எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்று தரம் பிரித்து விலை சொல்வார்கள். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு இங்கிருந்து போவதுதான். பருப்பு வகைகளுக்கு உலகச் சராசரி கிலோவுக்குச் சுமார் 4,000 லிட்டர். அந்த எண்ணை மட்டும் பார்த்தால், ‘தண்ணீரை ஏற்றுமதி செய்கிறார்கள், நிறுத்துங்கள்’ என்று அறிக்கை எழுதத் தோன்றும். உளுந்து போடாவிட்டால் அந்த ஈரம் வெயிலில் ஆவியாகிப் போகும். டலாவின் குளத்துக்கு ஒரு சொட்டும் வராது. இதைச் சொல்ல வேளாண்மை தெரிந்தவர் வேண்டும், விலையைச் சொல்ல வியாபாரி வேண்டும். கணக்கர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

5. எல்லை எங்கே என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,500 லிட்டர் என்பார்கள். ரங்கூனின் லைங்தாயா பகுதியில் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் பெரும்பாலும் வெட்டுவது, தைப்பது, கட்டி அனுப்புவது மட்டும்தான். துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பருத்தி குடித்த நீரை ரங்கூன் தலையில் கட்டாதீர்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள்.

6. வீட்டுக்காரருக்குச் சிக்கனம் போதிக்கும் முன் குழாயைப் பாருங்கள். லோகா ஏரி நீர் 1904 முதல் நகருக்கு வருகிறது. ஜோபியூ நீர்த்தேக்கம் 1940ஐச் சேர்ந்தது. பழைய குழாய்களில் ஒழுகியும், அளவைமானியில் ஏறாமலும், விட்ட நீரில் பாதியளவு கணக்கில் வராமல் போவதாக 2010களின் ஆய்வுகள் சொல்லின. குழாய் போகாத வீடுகள் சொந்த ஆழ்குழாய்க் கிணற்றில் உறிஞ்சுகின்றன. அதில் எவ்வளவு போகிறது என்பது எந்த ரசீதிலும் இராது. ஆகவே அலுவலகப் பதிவேட்டை நகரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

7. கூட்டத்தில் பட்டம் பார்த்துப் பேச விடாதீர்கள். குழாய் பொருத்துபவரையும் குளத்தில் தண்ணீர் எடுக்கும் அம்மாவையும் முதலில் கேளுங்கள். பெரியவர்கள் பேசிய பிறகு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் கொடுத்தவர் யார், அளந்ததா மதிப்பிட்டதா என்று குறியுங்கள். இருவர் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுச் சமாதானம் செய்யாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

8. அறிக்கைக்கும் பருவம் உண்டு. டலாவில் குளம் தூர்வார வேண்டுமானால் நீர் வற்றிய மார்ச், ஏப்ரலில்தான் முடியும். ஆள், பணம், அனுமதி எல்லாவற்றுக்கும் அதற்கு முன்பே ஏற்பாடு நடக்க வேண்டும். எனவே டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள், குறைகள் இருந்தாலும் பரவாயில்லை. நேர்த்தியாக அச்சிட்டு ஜூனில் கொடுத்தால், அதற்குள் குளம் நிறைந்திருக்கும்; எல்லோரும் பாராட்டுவார்கள், அடுத்த ஏப்ரலிலும் அதே வரிசைதான் நிற்கும்.